மொழிபெயர்ப்பாளர் வென்ற வழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களில் நடந்த அறிவுசார் சொத்துரிமை வழக்குகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பங்கா என்ற கூரைத் தொங்கு விசிறியை இழுக்கும் இயந்திரத்துக்காகக் கல்கத்தாப் பொறியாளர் டிபென்னிங் 1856இல் பெற்ற, இந்தியாவின் முதல் காப்புரிமையையும், லண்டனின் ஒப்புதலின்றி இயற்றியதால் அந்தக் காப்புரிமைச் சட்டமே மறு ஆண்டு ரத்தாகி 1859இல் திரும்ப வந்ததையும் கட்டுரையாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால், ஆங்கில நிறுவனம் வழக்குத் தொடுத்தால் இந்தியர் தோற்பது நிச்சயம் என்று அவர் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பதிப்புரிமையையும் ‘காப்புரிமை’ என்றே எழுதியிருந்தார். காப்புரிமை கண்டுபிடிப்புக்கு, பதிப்புரிமை நூல் போன்ற படைப்புக்கு; இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். தயவுசெய்து இந்தச் சொற்களைக் கலக்காதீர்கள்.

லண்டனின் மாக்மில்லன் பதிப்பகம் தொடுத்த வழக்குகளை மட்டும் பார்ப்போம். 1890இல் கல்கத்தாவில், பால்கிரேவ் தொகுத்த ஆங்கிலக் கவிதைத் திரட்டை வரிசை மாற்றி, குறிப்புகள் சேர்த்து வெளியிட்ட சுரேஷ் சந்திர தேவ் தோற்றார். கவிதைகள் யாருடையவையாக இருந்தாலும், தேர்ந்தெடுத்த உழைப்பு பால்கிரேவுடையது என்றது நீதிமன்றம். நியாயமான தீர்ப்புதான். பம்பாயின் கூப்பர் நிறுவனத்தோடு நடந்த வழக்கு 1923இல் லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனது. பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதிய அலெக்சாண்டர் வரலாற்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை மாக்மில்லன் பாதியாகச் சுருக்கி மாணவர்களுக்கு விற்றதால் மட்டும் அந்தச் சுருக்கத்துக்குப் பதிப்புரிமை வந்துவிடாது என்று அங்கே சொன்னார்கள். குறிப்புகளுக்கு மட்டும் உரிமை கிடைத்தது.

நான் எழுத உட்கார்ந்தது இவற்றுக்கு நடுவே, 1895இல் பம்பாயில் தீர்ப்பான வழக்குக்காக. மாக்மில்லன் வெளியிட்ட ஆங்கிலக் கணிதப் பாடநூல்களை உருதுவில் கொண்டுவந்தார் டெல்லி அறிஞர் மௌல்வி ஸகாவுல்லா. அனுமதியில்லாத மொழிபெயர்ப்பு எங்கள் உரிமையைப் பறிக்கிறது என்றது நிறுவனம். அப்போது இங்கே நடப்பில் இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் 1847ஆம் ஆண்டுச் சட்டம். நூலை மறு அச்சிடுவதைத் தடுத்த அந்தச் சட்டத்தில் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே உருது நூல் உரிமை மீறல் ஆகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மௌல்வி வென்றார்.

முப்பது ஆண்டுகள் தமிழ் வழியில் கணிதம் நடத்தியவன் நான். ஆங்கில நூலில் ஒரு நல்ல கணக்கைப் பார்த்தால் இரவே தமிழில் எழுதிவைத்து, காலையில் கரும்பலகையில் போடுவேன். தாய்மொழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தத் தீர்ப்பு விடுபட்டது மனத்தை வருத்தியது.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லியிருக்க வேண்டும். 1911ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம் மொழிபெயர்ப்பு உரிமையை ஆசிரியர் கையில் கொடுத்தது. 1914இல் அதை இந்தியாவுக்குத் திருத்தியவர்கள் ஒரு சலுகை வைத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் முதலில் வெளியான நூலுக்கு மொழிபெயர்ப்பு உரிமை பத்தாண்டுகள்தான். அதற்குள் எந்த மொழியில் முறையான மொழிபெயர்ப்பு வருகிறதோ, அந்த மொழியில் மட்டும் உரிமை நீடிக்கும். லண்டனில் முதலில் அச்சான நூலுக்கு இந்தச் சலுகை கிடையாது. மௌல்விக்குத் திறந்திருந்த கதவு, அவருக்குப் பின் வந்தவர்களுக்கு இப்படித்தான் மூடப்பட்டது. கட்டுரையாளரின் கோபத்துக்கு உண்மையான இடம் இதுதான் என்பேன். அநியாயம் தீர்ப்பில் வரவில்லை, சட்டமியற்றிய மேசையிலிருந்து வந்தது.

1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பத்தாண்டு விதியையும் எடுத்துவிட்டது. நூல் வெளியாகி ஏழு ஆண்டுகளுக்குப் பின் மொழிபெயர்க்க உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது அதன் 32ஆம் பிரிவு. அப்படி ஒரு வழி இருப்பதை அறிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்தப் பிரிவை விளக்கி ஒரு கட்டுரையும், 1895ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தமிழாக்கமும் வெளியிடுங்கள். தமிழாக்கத்தைச் செய்துதர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.