மூன்று குட்டிகளும் போன மறுநாள்

மயிலாப்பூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பூனைக்குட்டிகள் இருந்ததால் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை. நேற்று மதியம் கடைசி இரண்டும் போய்விட்டன. இன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்தேன், காலடிக்கு யாரும் ஓடி வரவில்லை. காபியைக்கூடக் குடிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"வளர்த்துவிட்டு எப்படிடி தூக்கிக் கொடுக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பிராணிகள் காப்பகத்திலிருந்து வந்தபோது நான்கு. ஒரு கடை ஷட்டருக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் கிடந்தனவாம். தாய் திரும்பவே இல்லை. கண் அப்போதுதான் திறந்திருந்தது, அப்படியென்றால் பத்து நாள் வயது இருக்கும். சமையலறைத் தராசில் வைத்தால் மூன்று 200 கிராமை ஒட்டி இருந்தன, நான்காவது 140. அந்த வயதில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும், ராத்திரியிலும்தான். நூறு பிராணிகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அதற்கு ஆள் ஏது? போதாததற்கு, தடுப்பூசி போடும் வயது வராத குட்டிகள் மத்தியில் பூனைப் பார்வோ என்கிற தொற்றுநோய் புகுந்தால் பெட்டியோடு போய்விடும். அதனால்தான் வளரும்வரை வீடுகளில் கொடுத்து வைக்கிறார்கள்.

நாம் சின்ன வயதில் கொட்டாங்கச்சியில் பசும்பால் ஊற்றி வைப்போமே, அது தப்பு சரோஜா. குட்டிகளுக்கு அது வயிற்றுப்போக்கில்தான் முடியும். அவற்றுக்கென்றே பால்பவுடர் இருக்கிறது. நம் குழந்தைகளைப் போல மல்லாக்க வைத்தும் ஊட்டக்கூடாது, பால் நுரையீரலில் இறங்கிவிடும். தாயின் வயிற்றில் முட்டிக் குடிக்குமே, அந்த மாதிரி குப்புற இருக்க வேண்டும். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடியில் மெதுவாகத் தடவ வேண்டும். மூன்று வாரம் வரை தானாகச் சிறுநீர் போகத் தெரியாது, தாய் நக்கி நக்கித்தான் போக வைக்கும்.

நான்காவது பிழைக்கவில்லை. ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், மற்றவற்றை விட்டு விலகி வெறும் அட்டையில் கிடக்கிறது. உடம்பு சில்லிட்டிருந்தால் பால் கொடுக்கக்கூடாது, செரிக்காது. முதலில் சூடு, அப்புறம்தான் பால். புடவைத் தலைப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். கொஞ்சம் சூடு வந்த மாதிரி இருந்தது. ஐந்தரை மணிக்குப் போய்விட்டது. இவர்தான் கீழே வேப்பமரத்தடியில் குழி தோண்டினார். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மற்ற மூன்றும் பிழைத்துக்கொண்டன. முல்லை அரும்பு மாதிரி பல் முளைத்தது, நீலமாக இருந்த கண் நிறம் மாறியது. எட்டு வாரத்தில் முதல் ஊசி. மூன்று நிறக் குட்டியைப் போன வாரமே ஒரு டீச்சர் எடுத்துப் போனார். அண்ணன் தங்கை இரண்டையும் பிரிக்கமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்ததில் ஒரு மாதம் யாரும் வரவில்லை. நேற்றுதான் ஒரு தம்பதி வந்து சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது மாடி என்பதால் முன்பே போய் பால்கனி வலையை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். நான்கைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும், கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னேன். காய்ச்சல் என்று நம் பாரசிட்டமாலை ஒடித்துக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

உன் அப்பா ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொள்ளும், சரணாகதி என்றால் பூனைக்குட்டியாக இருப்பது என்று. அப்போதெல்லாம் நான் குட்டியைத்தான் நினைத்துக்கொள்வேன். இப்போது தாய்ப்பூனையை நினைக்கிறேன். அது வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கக் கவ்வுவதில்லை, பத்திரமான இன்னொரு இடத்தில் இறக்கிவிடத்தான் கவ்வுகிறது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, இந்தக் குட்டிகளுக்கு என் வீடு அதில் ஒன்று. நேற்று கதவைச் சாத்தியதும் அழுதேன்தான். ஆனாலும் அவை இங்கேயே தங்கிவிட்டால் அடுத்த பெட்டியை வாங்கி வைக்க எனக்கு இடம் இருக்காது.

புதன்கிழமை ஒரு தாய்ப்பூனை ஐந்து குட்டிகளோடு வருகிறது. இந்த முறை பால் கொடுக்கும் வேலை அவளுடையது. இன்றைக்கு அறையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி உலர்த்த வேண்டும்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பையன் அடுத்த மாதம் இங்கே வருகிறான் என்று எழுதியிருந்தாயே, பழைய நூல் புடவைகள் இருந்தால் அவனிடம் கொடுத்து அனுப்பு. நன்றாகத் துவைத்து நைந்ததாகப் பார்த்துக் கொடு, குட்டிகளுக்கு அதுதான் மெத்தென்று இருக்கும்.

அன்புடன்,
விஜயா