மரவட்டையைக் கண்டதும் மருந்தடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) குடியிருப்புப் பேட்டைகளின் சமூகத் தோட்டங்களில் மக்கு உரக் குவியலில் மரவட்டை ஊர்ந்தால் போதும், பூச்சிமருந்து தெளிக்கச் சொல்லிவிடுகிறார்கள். சில மாதம் கழித்து, இலை மக்கவில்லையே என்ற கவலை வருகிறது. பெரும்பாலும் அந்த மருந்துக்கும் இதில் பங்குண்டு.

இலையைக் கடைசிவரை கரைப்பவை பூஞ்சையும் பாக்டீரியாவும்தான். ஆனால் நாட்டுவாதுமை போன்ற தடித்த இலைக்குள் அவை எளிதில் புக முடியாது. மரவட்டை அதைக் கடித்துத் தின்று, பெரும்பகுதியைச் செரிக்காமலே புழுக்கையாக வெளியேற்றுகிறது. பொடிந்து ஈரமேறிய அந்தப் புழுக்கையில் பாக்டீரியா மளமளவென்று பெருகும். வாலைச் சுண்டித் துள்ளும் ஓரிரு மில்லிமீட்டர் சிற்றுயிர்கள் பூஞ்சை இழைகளை மேய்கின்றன. அளவோடு மேய்ந்தால் இழை புதிதாகத் தளிர்க்கும், மிஞ்சினால் மக்குவதே மந்தமாகும். மண்புழு எல்லாவற்றையும் மண்ணோடு கலக்கிறது. கரையான் விஷயம் வேறு. காட்டில் அதன் பங்கு மிகப் பெரிது, ஆனால் கட்டடத்தை ஒட்டிய குவியலில் மரக்கட்டை போடாதீர்கள்.

குவியலைச் சிமெண்டுத் தரையில் அல்லாமல் மண்மேல் போடுங்கள். பெரிய குவியலின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியசைத் தாண்டலாம். அப்போது இந்த உயிரினங்கள் அடிமண்ணுக்கு ஒதுங்கி, சூடு ஆறியதும் திரும்பும். அடி அடைபட்டால் ஒதுங்க இடமில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். எறும்பு கூடு கட்டியிருந்தால் குவியல் காய்ந்துவிட்டது. டிசம்பர், ஜனவரி மழையிலோ காற்று புகாமல் அழுகல் வாடை எழும், மண்புழு வெளியேறும். காய்ந்த இலை சேர்த்துக் கிளறுங்கள். மேலே கட்டும் கித்தான் சாய்வாக இருக்கட்டும். தொய்ந்த இடத்தில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலைப்பை மூன்று, இந்த உயிரினங்கள் புக முடியாத மிக நுண்ணிய நைலான் பை மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரே மரத்தின் காய்ந்த இலை 10 கிராம் இட்டு, நிழலில் மண்மேல் வையுங்கள். 8 வாரம் கழித்து, ஒட்டிய மண்ணை நீக்கி, உலர்த்தி நிறுங்கள். வலைப்பையைத் தூக்கும்போது அடியில் தட்டு பிடியுங்கள், இல்லையேல் கொட்டிய துணுக்கும் மக்கியதாகக் கணக்கில் ஏறிவிடும். நுண்ணிய பையில் ஈரம் கூடுதலாக நிற்கும். எனவே எடை வித்தியாசம் முழுவதற்கும் உயிரினங்களே காரணம் என்று எழுதிவிட வேண்டாம்.

வாசகர், ஈசூன்