ஒரு வருஷக் கதையும் 25 எபிசோடும்: செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

நீளமான தொடர் ஒன்றை 25 எபிசோடாகச் சுருக்கும் வேலை வந்திருக்கிறது, மெக்சிகோக்காரர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். ‘லா உசுர்பதோரா’ தொடரிலிருந்து தொடங்கு. ‘அபகரித்தவள்’ என்று பொருள். 1998இல் கப்ரியேலா ஸ்பானிக் இரட்டை வேடம் போட்டதைத்தான் எல்லாரும் ஒரிஜினல் என்பார்கள். அதுவே ரீமேக்தான். எழுத்தாளர் இனேஸ் ரோதெனாவின் இந்தக் கதை 1971இல் வெனிசுவேலாவில் தொடராக வந்து, 1981இல் மெக்சிகோவில் வேறு பெயரில் ஓடி, அப்புறம்தான் 1998 தொடரானது.

1998 கதையில் பணக்கார பாவோலா, கான்குன் விடுதியின் கழிவறையில் வேலை பார்க்கும் பவுலினாவைப் பார்க்கிறாள். அச்சு அசல் தன் முகம். வளையலைத் திருடியதாகப் பழி போட்டு மிரட்டி, ஒரு வருஷம் தன் புகுந்த வீட்டில் தானாக நடிக்க அனுப்பிவிட்டு ஊர் சுற்றப் போகிறாள். அந்த ஒரு வருஷம்தான் 100க்கு மேற்பட்ட எபிசோடுகளையும் இழுத்துப்போகிறது. குடிக்கு அடிமையான பாட்டி பியெதாத்துக்கு ஊற்றிக் கொடுத்து வந்தவள் பாவோலா. பவுலினா வந்து அதை விடவைக்கிறாள். நொடித்துப்போகும் பீங்கான் தொழிற்சாலையையும் தூக்கி நிறுத்துகிறாள். இதெல்லாம் நாள்பட நடந்தால்தான் நம்புவோம். ஒரே எபிசோடில் பாட்டி திருந்தினால் சிரிப்புத்தான் வரும்.

2019இல் சாந்திரா எச்செவெரியாவை வைத்து 25 எபிசோடில் எடுத்தபோது காட்சிகளை மட்டும் வெட்டவில்லை, காரணத்தையே மாற்றினார்கள். பாவோலா இப்போது நாட்டு அதிபரின் மனைவி. இரட்டைச் சகோதரியைத் தன் இடத்தில் நிறுத்திக் கொல்ல வைத்து, செத்தது தான்தான் என்று உலகத்தை நம்பவைத்துவிட்டுக் காதலனோடு மறைவதுதான் திட்டம். ஊர் சுற்ற ஒரு வருஷம் வேண்டும், கொலைக்கு ஒரு நாள் போதும். கதையின் கடிகாரம் மாறியதால் நீளம் தானாகக் குறைந்தது.

‘குனா தெ லோபோஸ்’ (‘ஓநாய்களின் தொட்டில்’) என்ற இன்னொரு மெக்சிகோ தொடரின் கதை வேறு. யார் முதலில் வாரிசு பெறுகிறானோ அவனுக்கே சொத்து என்று ஒரு உயில். ஆக, கதைக்குள் ஒரு பெண் பத்து மாதம் சுமந்தாக வேண்டும். அரைமணி நேர எபிசோடுகள் 170, 1986 அக்டோபரிலிருந்து 1987 ஜூன் வரை ஓடின. பார்த்தவர்களும் கூடவே சுமந்தார்கள் என்றே சொல்லலாம். இதுவும் 2019இல் 25 எபிசோடாகச் சுருங்கியது. அந்தக் காத்திருப்பை எந்த எடிட்டராலும் 25க்குள் திணிக்க முடியாது என்பது என் கட்சி.

ஆனால் அதே கதையில் வில்லி கத்தலினா க்ரேலின் கண்பட்டியைப் பார். 1986இல் அவளாக நடித்த மரியா ரூபியோ உடைக்கு ஏற்ற நிறத்தில் பட்டி கட்டி வருவார். சின்ன வயதில் பம்பரம் விட்டு என் கண்ணைப் பறித்தாய் என்று மூத்தாள் மகனைக் குற்ற உணர்ச்சியிலேயே வளர்த்திருக்கிறாள். ஒருநாள் பட்டியைக் கழற்றுகிறாள், உள்ளே கண் நன்றாக இருக்கிறது. இதற்கு நேரமே வேண்டாம். எட்டு எபிசோட் கதையிலும் எடுபடும்.

அதனால் உன் தொடரின் ஒவ்வொரு ட்ராக்குக்கும் (கிளைக்கதைக்கும்) எதிரே ‘நிஜத்தில் எத்தனை நாள் ஆகும்’ என்று எழுது. நொடியில் முடிபவற்றை அப்படியே வை. வாரக்கணக்கில் போவது மூன்று, நான்கு இருக்கலாம். மாதக்கணக்கில் போவது ஒன்றுக்கு மேல் இருந்தால் வெட்டாதே, காரணத்தை மாற்று.

காலத்தைத் தாண்ட 2020இன் ‘ரூபி’ என்ற மெக்சிகோ தொடரில் ஒரு வழி இருக்கிறது. பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையாளர் நாயகி ரூபியைப் பேட்டி எடுப்பதாகத் தொடங்கி, கேள்விக்குக் கேள்வி வருஷங்களைத் தாண்டிப்போகிறார்கள். வசதிதான். ஆனால் ரூபி பிழைத்திருக்கிறாள் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அவள் உயிருக்கு ஆபத்து வரும் காட்சி எதற்கும் அப்புறம் பதற்றம் இருக்காது.

பழைய தொடர்களின் எபிசோட் எண்ணை நம்பாதே. வெளிநாட்டு விற்பனைக்கு அரைமணி எபிசோடுகளை இரண்டிரண்டாக ஒட்டுவார்கள், ஒரே தொடருக்கு இரண்டு கணக்கு வரும். எதையும் மணிக்கணக்கில் ஒப்பிடு. பழையதற்கும் புதியதற்கும் தலைப்பும் ஒன்றாக இருப்பதால் வருஷத்தைப் பார்த்துத் தேர்ந்தெடு.

முதலில் ‘லா உசுர்பதோரா’வில் 1998இன் முதல் பத்து எபிசோட், கையோடு 2019இன் முதல் இரண்டு பார். பவுலினா அந்நிய வீட்டு வாசலில் காலெடுத்து வைப்பது எத்தனையாவது நிமிடம் என்று இரண்டிலும் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய எடிட்டர்