மாடிப்படிக்கு அடியில் பொங்கிய மாவு

கேம்பிரிட்ஜ்,
மாட்டுப் பொங்கல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "பேனாவில் மை தீர்ந்துவிட்டதா?" என்று கேட்டிருந்தீர்கள். தீரவில்லை. வேலை அதிகம், அவ்வளவுதான்.

நம் ஊரில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனைப் பார்த்தேனா என்று இந்த முறையும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை அப்பா. 2009-இல் அவர் ரைபோசோம் (உயிரணுவுக்குள் புரதம் தயாரிக்கும் அமைப்பு) ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கினாரே, அவருடைய ஆய்வகம் ஊரின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. என் உயிர்வேதியியல் துறை ஊர் நடுவில், டென்னிஸ் கோர்ட் சாலையில். சைக்கிளில் போகிற தூரம்தான். அதற்காகக் கதவைத் தட்டி, "நானும் சிதம்பரம்" என்று சொல்லவா முடியும்?

அம்மாவிடம் சொல்லுங்கள், இட்லி மாவு கடைசியில் பொங்கிவிட்டது. மாவில் வளரும் லியூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர் விடும் கரியமில வாயுதான் அதை உப்ப வைக்கிறது. அதற்குத் தோதான வெப்பம் 30 டிகிரி. எங்கள் சமையலறையில் 12. (ஹீட்டரை நாங்களாகத்தான் குறைத்து வைத்திருக்கிறோம். அதிகச் சூடு உடம்புக்கு ஆகாது.)

மாடி அறையில் இருக்கும் சிலி நாட்டுப் பெண், கட்டட வடிவமைப்பில் ஆய்வு செய்கிறவள், வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவைக் கொண்டுவந்து சுவர் சுவராகப் பார்த்தாள். இவை விக்டோரியா காலத்து வரிசை வீடுகள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவே காற்றிடைவெளி கிடையாது. வாசல் சுவர் திரையில் கருநீலமாகத் தெரிந்தது. மாடிப்படிக்கு அடியில், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர் மட்டும் மஞ்சள், அதாவது வெதுவெதுப்பு!

அந்த வீட்டுப் பெரியவரைப் பற்றித்தான் எழுதியிருந்தேனே, கிழட்டுப் பூனைக்குக் குளிரக் கூடாதென்று இரவும் பகலும் ஹீட்டர் போடுகிறவர். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அங்கே வைத்தேன். இரண்டு இரவில் அவர் காசில் எங்கள் மாவு பொங்கிவிட்டது.

"இதற்குப் புறவிளைவு என்று பெயர்" என்றார் பொருளாதாரம் படிக்கும் கானா நாட்டுக்காரர். ஒருவர் செய்வதன் பலன், விலை கொடுக்காத இன்னொருவருக்குப் போய்ச் சேர்வது. இந்த ஊரில் பேராசிரியராக இருந்த பிகு என்பவர் 1920-இலேயே இதை விரிவாக எழுதிவிட்டாராம். அவர் கணக்குப்படி இப்படி நன்மை செய்பவருக்கு மானியம் தர வேண்டும். ஆகவே பெரியவருக்கு ஆறு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாம் தடவிச் சாப்பிட்டாராம்.

மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாசனை வந்தது பாருங்கள், மாடிப்படிக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா மாவு கரைக்கும்போது வளையல் பாத்திரத்தில் உரசுமே, அந்தச் சத்தம்கூடக் கேட்டது. எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

சரி, அது போகட்டும். மாலையில் ஒரு கல்லூரி விருந்துக் கூடத்தில் பரிமாறப் போகிறேன். சும்மா பொழுதுபோக்குக்குத்தான். இரவுச் சாப்பாடும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த மாதப் பணம் சற்றுத் தள்ளி வரும், வங்கியில் ஏதோ தாமதம். சின்னவனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று உடனே எழுதுங்கள்.

பின்கட்டை விற்கலாம் என்று சித்தப்பா காகிதத்தோடு வந்தால், நான் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். கிணறும் அந்தப் பத்திரத்தில்தான் சேர்ந்திருக்கிறது. தாத்தாவின் மூலப் பத்திரம் அம்மாவின் பட்டுப்புடவைப் பெட்டியில், அடியில் இருக்கும். அக்கா வளைகாப்புக்கு வரப் பார்க்கிறேன், டிக்கெட் விலை இன்னும் இறங்கவில்லை. உளுந்து அனுப்ப வேண்டாம், மில் சாலைக் கடையில் கிடைக்கிறது.

அன்பு மகள்