ஏரிக்கரைச் சாலை வளைவில் இரும்புத் தடுப்பு அமைக்கக் கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: சாலைப் பராமரிப்புப் பொறியாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே வளைவு பற்றி முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை. மதகைத் தாண்டியதும் சாலை சட்டென்று இடப்பக்கம் திரும்பும் இடம், தாங்கள் அறியாததல்ல. திருப்பத்தைக் கவனிக்காதவர் நேரே போனால் ஆழத் தண்ணீர்தான்.

1. வளைவுக்கு முன் எச்சரிக்கைப் பலகை இல்லை.

2. மழைக்குப் பிறகு சாலையோர மண் இளகிவிடுகிறது. மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் அலை அரித்திருக்கும். எதிரே லாரி வந்தால் அந்த மண்ணில்தான் சக்கரத்தை இறக்க வேண்டியிருக்கிறது. சரிந்த இடத்தில் நாங்களே கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். இரவில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

3. வேறு இடத்தில் வண்டி சாலையை விட்டு இறங்கினால் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். இங்கே அதற்கு நேரமே கிடைக்காது ஐயா. தண்ணீரில் விழுந்த கார் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் மிதக்கும். எஞ்சின் கனத்தில் முன்பக்கம் முதலில் அமிழும். தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டால் வெளி அழுத்தத்தில் கதவைத் திறக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியும் இறங்காது. அதற்குள் பெல்ட்டை அவிழ்த்து, ஜன்னலை இறக்கி, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளிவிட்டு, அப்புறம் தானும் வெளியேற வேண்டும். இருட்டில், இரண்டு குழந்தைகளோடு வரும் ஒரு தாயால் இது ஆகுமா? தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்குள் வர முடியுமா? பள்ளி வேனும் இதே வழியாகத்தான் போகிறது. நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

4. கரையோரக் காவல் கற்கள் விளிம்பைக் காட்டுமே தவிர வண்டியை நிறுத்தாது. அவற்றிலும் பாதி சாய்ந்து கிடக்கின்றன. தடுப்பு வேண்டும் ஐயா, இரும்புத் தடுப்பு. கரையைக் கெட்டிப்படுத்தாமல் நட்டால் தூணும் பிடுங்கிக்கொண்டு போய்விடும், அதையும் சேர்த்தே செய்ய வேண்டும். நிதி வரட்டும் என்கிறார்கள். சரி, அதுவரை ஒரு பலகைக்கும் ஒளிரும் பட்டைக்கும் வேகத்தடைக்குமா நிதி இல்லை? யாராவது மூழ்கிய பிறகுதான் கோப்பு நகருமா?

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம், பயத்தில் எழுதுகிறோம். தயவுசெய்து ஒரு நாள் இரவில், மழை நேரத்தில், அந்த வளைவில் வண்டி ஓட்டிப் பாருங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் தடுப்பு அமைத்துத் தருமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரைச் சாலையில் தினமும் செல்லும் ஊர் மக்கள்