நான்காவது முறை படித்த பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

18 ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிறேன். போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு, விடைத்தாளின் ஒரே பத்தியை நான்காவது முறை படித்துக்கொண்டிருந்தேன். எழுத்து தெரிந்தது, பொருள் மண்டையில் ஏறவில்லை. அந்த நிலையில் மதிப்பெண் போடுவது அந்த மாணவிக்குச் செய்யும் அநியாயம் என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வகுப்பு என்னைக் களைப்பாக்கியதே இல்லை. ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் நிரப்புவதும், நடத்திய பாடத்துக்குச் சான்று தேடுவதும், நள்ளிரவில் வந்து விழும் 'மிக அவசரம்' மின்னஞ்சல்களும்தான் ஆளை உறிஞ்சுகின்றன. ஆய்வுக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அதை விடுமுறை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்!

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்தப் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. வற்றிப்போன உடல், வேலையின் மீது கசப்பு, செய்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை அதன் அடையாளங்கள். மூன்றும் என்னிடம் உண்டு.

எங்கள் நிர்வாகம் இதற்காக ஒரு தியானப் பயிலரங்கு நடத்தியது. வருகைப்பதிவு கட்டாயம். முடிந்ததும் நிரப்பித்தர ஒரு படிவம் வேறு.

இப்படிக்கு,
பேராசிரியை ஒருவர்