அந்த ஊரு கரண்ட் வேற, நம்ம ஊரு கரண்ட் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் தக்கலை பக்கம் 22 வருசமா வயரிங் வேலை பாக்குறவன். பேப்பருக்கு எழுதி பழக்கமில்ல, பிழை இருந்தா திருத்தி போட்டுக்கோங்க. இப்ப நிறைய பசங்க வீடியோ பாத்து வீட்டுலயே பாம்பு வளக்க ரேக்கு செய்றாங்க, அதுக்கு சூடு குடுக்க கரண்ட் இழுக்குறாங்க, அத பத்திதான் சொல்ல வந்தேன்.

போன வருசம் ஜூன் மழைல குலசேகரம் பக்கத்துல ஒரு அக்கா போன் பண்ணி, "அண்ணே, டிரிப்பர் சும்மா சும்மா விழுது, ஒண்ணு வந்து பாத்திட்டு போங்க"ன்னாங்க. டிரிப்பர்னா கரண்ட் கசிஞ்சா லைன தானா அறுத்து விடுற சுவிட்சு. ஒவ்வொரு லைனா கழட்டி பாத்தா கோளாறு மாடி ரூம்ல. உள்ள போனா இரும்பு ஆங்கிள்ல ஒரு ரேக்கு, தட்டுக்கு பிளைவுட், ஆறு பிளாஸ்டிக் டப்பா மேசை டிராயர் மாதிரி இழுக்கலாம், டப்பாவுக்கு ஒரு பாம்பு சுருண்டு கிடக்கு. எனக்கு போஸ்ட்ல ஏற பயம் கிடையாது, இதுக்கு பயம். பையன் சிரிச்சிட்டு, "மாமா இது பால் பைத்தான், ஆப்பிரிக்கா பாம்பு, விஷம் கிடையாது, பரிவேஷ்ங்கிற அரசாங்க சைட்டுல பதிஞ்சிருக்கேன்"னான். (நம்மூரு மலைப்பாம்பையோ சாரையையோ இப்படி வச்சா 1972 வனவிலங்கு சட்டத்துல கேஸ் ஆகும், அது வேற கத.)

டப்பாவுக்கு அடில எக்ஸ்ரே பிலிம் மாதிரி மெல்லிசா ஒரு பட்டை ஓடுது, ஹீட் டேப்புன்னு சொல்றாங்க. ரெண்டு ஓரத்துலயும் செம்பு, நடுவுல கறுப்பா கார்பன் கோடு கோடா இருக்கு, அந்த கோடு வழியா கரண்ட் போகும்போது சூடாவுது. வேணுங்கிற நீளத்துக்கு கத்திரியால வெட்டிக்கலாம், ஆனா வெட்டின முனைல செம்பு வெளிய தெரியும்ல, அங்க சாதா இன்சுலேஷன் டேப்ப சுத்தி வச்சிருக்கான், அது சூட்டுல பசை உருகி உரிஞ்சு தொங்குது, மேல உள்ள டப்பால பாம்பு தண்ணிக் கிண்ணத்த கவுத்திருக்கு, தண்ணி முனைல எறங்கி ஆங்கிள்ல கரண்ட் கசிஞ்சு தரைக்கு போவுது. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே விழுறதுக்குத்தான் டிரிப்பர வைக்கிறோம், அது அதோட வேலைய ஒழுங்கா பாத்திருக்கு. இதுக்கு முன்ன வந்த ஒரு ஆளு, மாடி லைன மட்டும் டிரிப்பர்ல சேக்காம நேரா குடுத்திடலாம்னு ஐடியா சொல்லியிருக்கார். நல்ல வேளை அந்த அக்கா சம்மதிக்கல.

அதோட முடியல. டேப்ப டார்ச் அடிச்சு பாத்தா 120 வோல்ட், அடிக்கு 20 வாட்ஸ்னு அச்சடிச்சிருக்கு. அமெரிக்காவுல இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்ததாம். நம்ம லைன் 230. வோல்ட் ஏறக்குறைய ரெட்டிப்பானா சூடும் ரெட்டிப்புன்னு பசங்க நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, வோல்ட் எத்தனை மடங்கு ஏறுதோ அத அதாலயே பெருக்கணும், 20 வாட்ஸ் 73 வாட்ஸ் ஆயிரும். இவன் ஒரு ஃபேன் ரெகுலேட்டர போட்டு குறைச்சு ஓட்டியிருக்கான். வீட்டுல சின்னப் பிள்ளை யாராவது அத முழுசா திருப்பினா என்னாவும்?

ரெகுலேட்டருக்கு ரூம் சூடு தெரியாது, அதுதான் இதுல பெரிய வினை. இந்த பாம்புக்கு சூடான பக்கம் 31, 32 டிகிரி, ஆறின பக்கம் 25, 26 இருந்தா போதுமாம். வீடியோ போடுறவன் ஊர்ல ரூமே 18 டிகிரி, அவனுக்கு ராவும் பகலும் டேப் ஓடணும். நமக்கு மழை ராத்திரிலதான் தேவை, ஏப்ரல் மே மாசம் கான்கிரீட் மாடில ரூமே 33 வந்திரும், அதுக்கு மேல டேப்பும் ஓடினா அவிச்ச கணக்குதான். நானே ஒரு காலத்துல கோழிக்குஞ்சு பொட்டில 100 வாட்ஸ் குண்டு பல்ப போட்டுட்டு வேலைக்கு போயிட்டேன், சாயங்காலம் வந்து பாத்தா 11 குஞ்சு போச்சு, எங்க வீட்டுக்காரி இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா. கோழியாவது கத்தும், பாம்பு கத்தாது. அடில சுட்டா விலகிப் போகும்னு நெனைப்போம், நிறைய நேரம் விலகாம அங்கயே கிடக்கும். டெம்பரேச்சர் கன் வச்சு அடிச்சு பாத்தா ஒரு டப்பால 46 காட்டுது, அந்த பாம்புக்கு வயித்துல ரெண்டு விரல் அகலத்துக்கு செதில் பழுப்பேறி கிடக்கு. பையன் அதுவரைக்கும் தூக்கிப் பாத்ததே இல்ல, மூஞ்சி செத்துப் போச்சு, அன்னைக்கே டாக்டர்ட்ட கொண்டு போனான்.

பிறகு எல்லாத்தையும் பிரிச்சு 230 வோல்ட் டேப் வாங்கி போட்டேன். பிளைவுட்ல மெல்லிசா குழி செதுக்கி டேப்ப அதுக்குள்ள இருத்தினேன், இல்லன்னா டப்பாவ இழுக்க இழுக்க உரசி கிழியும். டப்பாவோட மூணுல ஒரு பங்குக்குத்தான் சூடு, மீதி ஆறினே கிடக்கும். ஆங்கிளுக்கு எர்த்து குடுத்தேன். ரெகுலேட்டருக்கு பதிலா, சூட்ட அளந்து தானா ஆன் ஆஃப் ஆகுற தெர்மோஸ்டாட் போட்டேன். அதோட சென்சார டப்பாவுக்குள்ள போடக்கூடாது, பாம்பு தள்ளி விட்டிரும், டேப்புக்கும் டப்பாவுக்கும் நடுவுல அலுமினிய டேப் வச்சு ஒட்டணும். அது பிடி விட்டு வெளிய தொங்கிச்சுன்னா, ரூம் காத்த அளந்து இன்னும் சூடு பத்தலன்னு நிறுத்தாம ஓட்டும். மலிவு தெர்மோஸ்டாட்ல ரிலே, அதான் உள்ள இருக்குற சுவிட்சு, ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆகாம போறதும் உண்டு, அதனால ரெண்டாவது ஒண்ணு அதே லைன்ல மூணு டிகிரி கூட்டி செட் பண்ணி வச்சேன், முதல்லது கெட்டா அது கரண்ட அறுத்து விடும். ரெண்டாவதுக்கு காசு எதுக்குன்னு பையன் கேட்டான், பாம்பு என்ன விலைன்னு நான் கேட்டேன், பேசாம எடுத்து குடுத்தான்.

இந்த மே மாசம் மத்தியானம் போன் பண்ணி, "மாமா, தெர்மோஸ்டாட் காலைல இருந்து ஆனே ஆவல, கெட்டுப் போச்சு போல"ன்னான். ரூம்ல எத்தனை டிகிரின்னு கேட்டேன். 34ன்னான். டேப்ப விடு மக்கா, மொதல்ல ஒரு ஃபேன போடுன்னேன்.

இப்படிக்கு,
வயர்மேன் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்